இரண்டு சொட்டுகளுக்கு நடுவே

முதல் சொட்டு விட்டாயிற்று, வெள்ளை மூடி போட்ட பாட்டில், இனிப் பத்து நிமிஷம் கழித்து ரோஸ் மூடி, அதுவரை அம்மா கண்ணைத் திறக்கக் கூடாது, கசக்கக் கூடாது, வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பிய மூன்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்கிறாள். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்து, கட்டைவிரலை உள்ளே விட்டு மடக்கிக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படித்தான் தூங்குவேனாம், காலேஜ் டூரில் பக்கத்தில் படுத்த லைப்ரரியன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அது எப்படி எனக்கு வந்தது? பத்து வயதுக்கு அப்புறம் நான் இவளோடு ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்கியதில்லையே. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. ஜன்னல் வழியாக வெயில் கட்டில்காலைத் தொட்டுவிட்டது, திரையை இழுக்கவேண்டும், எழுந்தால் நாற்காலி கிரீச்சிடும், கிரீச்சிட்டால் அம்மா ‘எங்க போற’ என்று கேட்கமாட்டாள், கேட்காமலே முகத்தை மட்டும் சத்தம் வந்த பக்கம் திருப்புவாள். போன வருஷம் சாத்தூரில் மாமா இறந்து, மாமா பிள்ளைகள் வீட்டை விற்றபோது, அங்கே இருந்த இவளைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பதினான்கு மாசம் ஆகிறது. இன்னும் ஃபிரிட்ஜைத் திறக்குமுன் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். நானும் இன்னும் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்றுதான் பேசுகிறேன். சின்னதில் நீ என்றுதான் கூப்பிட்டேன். எந்த வருஷத்தில் நீங்க ஆனாள் என்று யோசித்துப் பார்த்தால் பிடி கிடைக்கவில்லை, அவளும் அதை ஒருநாளும் கேட்கவில்லை. விருந்துக்கு வந்தவளும் விருந்து வைத்தவளும் மாதிரி இந்த இரண்டு அறை வீட்டுக்குள் வழிவிட்டு வழிவிட்டு நடக்கிறோம். நாலு நாளைக்கு முன் ஆபரேஷன் செய்த கண்ணின் கட்டைப் பிரித்தபோது டாக்டர் சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கடைசிக்கு முந்தின வரிவரை வாசித்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். “புஷ்பா, உனக்கு இம்புட்டு நரைச்சிருச்சே” என்றாள். அதுவரை நான் அவளுக்குப் புகைமூட்டமாகத் தெரிந்திருக்கிறேன். டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் இனி இவளுக்கு என்னென்ன தெரியப்போகிறதோ என்று ஒரு பயம். ஐம்பது வயதில், ஒரு கண் ஆபரேஷனுக்குப் பயப்படுகிறேன், அதுவும் ஆபரேஷன் நன்றாக முடிந்ததற்கு.

பி.எட். காலேஜில் நான் எடுப்பது மனோதத்துவம். பதினெட்டு வருஷமாக ஒரே நோட்டு, அட்டை மட்டும் மூன்று தரம் மாறியிருக்கிறது. மூன்றாவது பாடம் வரும்போது மட்டும் வேகமாகப் போய்விடுவேன். குழந்தை தாய், தந்தை இருவரில் ஒருவர்மேல் தனியாக ஒட்டிக்கொள்கிறது, மற்றவரைப் போட்டியாக நினைக்கிறது, அவர் இல்லாமல் போனால் தேவலை என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறது, அந்த ஆசைக்காகவே பயப்படுகிறது. கடைசியில் இந்தப் போட்டியில் தோற்று, யாரிடம் தோற்றதோ அவரைப் போலவே ஆகிவிடுவது என்று சமாதானமாகிறது. அந்தத் தோல்வியிலிருந்துதான் ‘நான் இன்னார்’ என்பது முளைக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், பக்கம் நாற்பத்தொன்று, இதற்கு ஐந்து மதிப்பெண் வினா வரும். போன ஆவணியில் கடைசி பெஞ்சிலிருந்து ஜெபராணி என்கிற பெண் எழுந்தாள். எப்போதும் தூங்குகிற பெண். “மேடம், ஒருவேளை அந்தப் போட்டியில பிள்ளை ஜெயிச்சிருச்சுன்னா என்ன மேடம் ஆகும்?” என்றாள். வகுப்பே சிரித்தது. நான் நோட்டை மூடிவிட்டு, “அது பரீட்சைக்கு வராதும்மா” என்றேன். அன்றைக்கு மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அந்த இருபது நிமிஷமும் என்ன பேசினேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. ஜெயித்த பிள்ளைக்கு யாரைப் போல ஆவது என்று தெரியாமல் போய்விடும் ஜெபராணி. தோற்றவர் வீட்டைவிட்டுப் போய்விட்டாரே, யாரைப் பார்த்து ஆவது? இதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் புத்தகத்தின்படி இதெல்லாம் மூன்று வயதில் தொடங்கி ஆறு வயதில் முடிந்துவிட வேண்டும். எனக்குப் பத்து வயது. இந்த நாலு வருஷ வித்தியாசத்தை நான் எத்தனை தரம் கழித்துப் பார்த்திருக்கிறேன், எப்படிக் கழித்தாலும் நாலுதான் வருகிறது.

வெயில் இப்போது அம்மா காலுக்கு வந்துவிட்டது. பாதத்தை இழுத்துக்கொள்கிறாள். எழுந்து திரையை இழுத்தேன், நாற்காலி கிரீச்சிட்டது, முகம் திரும்பியது, ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவாக இருந்தால் ‘ஏ புஷ்பா, வெயில் அடிக்குதுல்லா’ என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டிருப்பார். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், சீனிவாசகம் என்றால் கோவில்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரியும், அவர் ராஜ்தூத் பைக் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே நான் வாசலில் நிற்பேன். பெட்ரோல் டாங்கிமேல் என்னை உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்மா பின்சீட்டு, நான் முன்னால். முன்னால் உட்காருகிறவள்தான் பெரியவள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சித்திரை மாசம் ஒரு பழுப்புக் கவர் வந்தது. அம்மா டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவைத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாள், அதற்கான ஆர்டர், விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், பதினைந்து நாளில் சேரவேண்டும். தபால்காரரிடம் அதை வாங்கியவர் அப்பா. பக்கத்தில் நின்றவள் நான். படித்துவிட்டு மடித்துத் தன் டைரிக்குள் வைத்தார், என்னைப் பார்த்தார், குனிந்து, “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், என்ன? அம்மா காலையில ஆறு மணி பஸ்ஸுக்குப் போனா பிள்ளைய யாரு பாப்பா?” என்றார். எனக்கு அப்போது சந்தோஷத்தில் காது அடைத்தது. நம்ம ரெண்டு பேர். அந்தச் சொல்லில் இடமில்லாமல் போனவள் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளும் நான் ஒன்றும் சொல்லவில்லை, டைரி அலமாரியில் இருப்பதைப் போகிறபோக்கில் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். கெடு முடிந்து ஒரு மாசம் கழித்து, கூடப்படித்தவள் கோயிலில் பார்த்து ‘நீ ஏன் ஜாயின் பண்ணல’ என்று கேட்டிருக்கிறாள். அம்மா ஆபீசுக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாள். சத்தம் போடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, “ஆர்டர் வந்துச்சா?” என்று கேட்டாள். “வந்துச்சு” என்றார் அப்பா. “எங்க?” “எரிச்சுட்டேன்.” பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா புஷ்பா?” நான் தெரியாது என்றேன். அவள் என் முகத்தில் என்ன பார்த்தாளோ, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் சாத்தூர் பஸ். “நீ என்கூட வாரியா?” என்று கேட்டாள். நான் அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து ஜன்னல்கட்டையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சாவிக்கொத்தை எடுத்து நான் செருகிக்கொண்டேன். பாவாடை இழுத்துக்கொண்டு இறங்கும், ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் நடக்கவேண்டும், ஆனாலும் அவிழ்க்கமாட்டேன். ராஜ்தூத்தில் டாங்கிமேல் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், பின்சீட்டில்தான், ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, அம்மா உட்காருகிற மாதிரி. அப்பா சிரித்தார். இரண்டு மாசத்தில் உப்புமா வந்துவிட்டது, மூன்றாம் மாசம் ரசம். “என் ராசாத்தி இருக்கறப்போ எனக்கென்ன கொறச்சல்” என்று அப்பா தட்டை வழித்துச் சாப்பிடும்போது எனக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அம்மாவை நினைக்கவே இல்லையா என்றால், நினைத்தேன், காய்ச்சல் வந்த இரண்டு நாள் நினைத்தேன், தலை பின்னத் தெரியாமல் முடியை வெட்டிக்கொண்டு வந்தபோது நினைத்தேன். ஆனால் அவள் வரவேண்டும் என்று நினைத்தேனா? இங்கேதான் ஒவ்வொரு தரமும் மனசு நொண்டுகிறது. ஐப்பசியில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆயா வந்து கூப்பிட்டாள், உங்கம்மா வந்திருக்காக என்று. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் அம்மா நின்றாள். மெலிந்திருந்தாள், கையில் ஒரு பொட்டலம், காராச்சேவு. என்னைத் தொட வந்து, நான் டிபன்பாக்ஸை நடுவில் வைத்துக்கொண்டு நின்றதால், பொட்டலத்தை மட்டும் நீட்டினாள். “நீயா சமைக்க?” என்றாள். “ம்.” “கை சுட்டுக்கிட்டியா?” “இல்ல.” சுட்டுக்கொண்டுதான் இருந்தேன், மணிக்கட்டில், பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன். அப்போது அவள் சொன்னாள், வார்த்தை வார்த்தையாக அப்படியே இருக்கிறது, “அப்பாகிட்ட சொல்லு. வெள்ளிக்கிழம மாமா வீட்டுக்கு வரச்சொல்லு. அந்த ஆர்டரப் பத்தி நான் ஒண்ணும் பேசமாட்டேன். மன்னிப்புக் கின்னிப்பெல்லாம் வேண்டாம், வந்து வாசல்ல நின்னாப் போதும், வந்துருதேன். சொல்லுவியா?” நான் தலையாட்டினேன். “மறக்காமச் சொல்லணும்.” மறுபடியும் ஆட்டினேன். அவள் போகும்போது கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள், நான் அதற்குள் சேவைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தேன். பாதி தின்றேன், மீதியை வீட்டுக்குப் போகிற வழியில் சாக்கடையில் போட்டேன், அப்பா பார்த்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பாரே. சேவு தண்ணீரில் மிதந்து போனது. அன்று புதன்கிழமை. புதன் ராத்திரி சொல்லிவிடலாம் என்றிருந்தேன், அப்பா களைத்து வந்தார். வியாழன் காலையில் வாயைத் திறந்தேன், “என்ன ராசாத்தி?” என்றார், “உப்பு போதுமாப்பா?” என்றேன். வெள்ளிக்கிழமை அப்பா வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தார், ராஜ்தூத் சத்தம் தெருமுனையில் கேட்டது, நான் வாசலில் நின்றேன். அவர் இறங்கியபோது, இப்போது சொன்னாலும் ஒரு மணி நேரத்தில் சாத்தூர் போய்விடலாம் என்று எனக்குத் தெரியும், தூரம் தெரியும், பஸ் தெரியும், எல்லாம் தெரிந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே அவள் என்ன சேலை கட்டியிருப்பாள், எத்தனை தரம் வாசலுக்கு வந்திருப்பாள், மாமா என்ன கேட்டிருப்பார், எத்தனை மணிக்கு விளக்கை அணைத்திருப்பார்கள். இதையெல்லாம் நான் நினைக்க ஆரம்பித்தது ரொம்பப் பின்னால், நானே ஒருத்தருக்காகக் காத்திருக்கிற வயது வந்த பின்னால். அப்போது நினைத்ததெல்லாம், அம்மா இன்னொரு தரம் வந்து கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான். அவள் வரவில்லை. அவளும் எப்படி வருவாள், வா என்று சொல்லியனுப்பியும் வராத மனிதனைத் தேடி.

மணி பதினொன்று ஐந்து. இன்னும் ஐந்து நிமிஷம். அம்மாவின் மூடிய கண்ணோரத்தில் மருந்து ஒரு கோடாக இறங்கிக் காதருகே நிற்கிறது, பஞ்சால் துடைத்தேன், தொட்டதும் தோள் சற்றே விறைத்தது, பிறகு தளர்ந்தது. பதினான்கு மாசத்தில் இப்படி மருந்து விடத்தான் அவளைத் தொடுகிறேன். தோல் மெல்லிசாக, சூடாக இருக்கிறது. பதினாலு வயதில் பள்ளிக்கூட விழாவுக்கு இவள் விட்டுப்போன பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன், அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே எழுந்து வெளியே போய்விட்டார், விழாவுக்கு வரவும் இல்லை. அழகாக இருந்ததால் கண்பட்டுவிடும் என்று போனார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மண்டு. அப்புறம் மாப்பிள்ளைகள். மூன்று பேர் வந்து பார்த்தார்கள், ஒருத்தருக்குக் குரல் சரியில்லை, ஒருத்தர் அம்மா பிள்ளை, தூத்துக்குடி ஹார்பரில் வேலை பார்த்தவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை, அவருக்காக நாலு மாசம் தபால் பார்த்தேன், கடைசியில் பேச்சு முடிகிற நேரத்தில் ‘அப்பாவை யாரு பாப்பா’ என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே கேட்டது என்று உறைத்தது. அப்பாவும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில் அப்பா ஷேவ் செய்துகொண்டிருக்கும்போதே சாய்ந்தார். அம்மா வந்தாள், சாத்தூரிலிருந்து மாமாவோடு ஆட்டோவில் வந்து வெளியே தூணோரம் நின்றாள், உள்ளே வரலாமா என்று தெரியாத ஆளாக. ஊர்ப் பெண்கள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து தலைமாட்டில் உட்காரவைத்தார்கள், முப்பத்துநாலு வருஷம் கழித்து. நான் கால்மாட்டில் இருந்தேன். நடுவில் அப்பா, ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் ஷேவ் செய்தபடி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மனைவி செய்யவேண்டியது என்று எதையோ அவளைச் செய்யச்சொன்னபோது எனக்கு, நாற்பத்துநாலு வயதில், படித்தவளுக்கு, பாடம் எடுக்கிறவளுக்கு, எவ்வளவு கேவலமான ஒரு பொறாமை வந்தது. யாரிடம் சொல்ல.

“பேச்சையே காணோம். போயிட்டியோன்னு நெனச்சேன்” என்கிறாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

“இல்ல, இங்கதான் இருக்கேன்.”

“உங்கப்பாவுக்கும் கண்ணு செஞ்சீகளா?”

“செஞ்சோம். ரெண்டு கண்ணும்.”

“நீதான் சொட்டு விட்டியா?”

“ஆமா.”

“ம்” என்கிறாள். அந்த ‘ம்’ நல்லதா கெட்டதா தெரியவில்லை. கண்ணை மூடியிருக்கிறாள், இப்போது என்னைப் பார்க்க முடியாது, இன்னும் நாலு நிமிஷத்துக்குப் பார்க்க முடியாது. இதை நான் திட்டமிட்டதே இல்லை. வகுப்பில் பாடம் தொடங்குகிற குரல் மாதிரி என் குரல் எனக்கே கேட்கிறது.

“அம்மா, நீங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தீங்க. நான் அஞ்சாப்பு படிக்கறப்போ. குழாயடிக்கு.”

“ஆமா.”

“அப்பாகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னீங்க.”

அவள் விரல்கள் வயிற்றின்மேல் அசையவில்லை.

“நான் சொல்லல.”

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள், பற்றவில்லை, மறுபடி உதைக்கிறார்கள். “அப்பாவுக்கு நீங்க வந்ததே தெரியாது. வெள்ளிக்கிழம அவர் வராததுக்கு அவர் காரணமில்ல. நான்தான். நீங்க திரும்பி வந்துருவீங்கன்னு எனக்கு பயமா இருந்துச்சு.” இந்தக் கடைசி வாக்கியத்தை நாற்பது வருஷமாக எனக்குள்ளேகூட இவ்வளவு சின்னதாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

 அம்மா மடக்கின கையை விரித்து, காற்றில் துழாவி, என் முழங்காலைத் தொட்டாள்.

“பத்து வயசுப் பிள்ள” என்றாள். “அது என்ன செய்யும்? பெரியவுக சண்டையில உன்னைத் தூது அனுப்புனேன் பாரு, என்னையச் சொல்லணும். எனக்குக் காலு இல்லயா, நானே வந்து நின்னுருக்கலாம். கௌரவம் பாத்தேன்.”

“இல்லம்மா...”

“அழாத. சின்னப்பிள்ள. விடு.”

விட்டுவிட்டேன். உண்மையில் என்னவோ விட்டுப்போன மாதிரித்தான் இருந்தது, முதுகு நாற்காலியில் சாய்ந்தது. புத்தகமும் இதைத்தானே சொல்கிறது, அந்த வயது அப்படித்தான், குழந்தைக்குப் பொறுப்பில்லை, அது ஒரு பருவம், கடந்துபோகும். அம்மா பக்கம் நாற்பத்தொன்றை வாசித்ததில்லை, ஆனால் அதையே சொல்கிறாள். அவள் கைமேல் என் கையை வைத்தேன். எழுந்து இவளுக்குக் கொஞ்சம் மோர் கலக்கித் தரலாமா என்றுகூட நினைத்தேன்.

“புஷ்பா” என்றாள். “அதுக்கப்புறமாவது அவுக என்னைப் பத்திக் கேட்டாகளா? ஒரு வார்த்த? கோவமா கேட்டாக்கூடச் சொல்லு.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இதை அறிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தர் போய்விட்டார். ஒரு சொல்லில் முடிந்துபோகிற விஷயம், முழங்காலில் அந்தக் கை அப்படியே இருந்திருக்கும். ஆனால் நாக்கு இந்தத் தரம் என் பேச்சைக் கேட்கவில்லை.

“ஒருதடவ கேட்டார்” என்றேன். “சாயங்காலம். நான் படிச்சுக்கிட்டு இருந்தேன். ‘ஒரு எட்டு சாத்தூர் போயி உங்கம்மாவப் பாத்துட்டு வரட்டா?’ன்னு கேட்டார்.”

“என்னையப் பாக்கவா கேட்டாக?”

“ஆமா. ‘இப்ப எதுக்குப்பா?’ன்னு கேட்டேன். சும்மாத்தான்னார். ‘எனக்குப் பரீட்சை முடியட்டும்பா’ன்னேன். சரின்னுட்டார். பரீட்சை முடிஞ்சு அவர் கேக்கல. நானும் அந்தப் பேச்ச எடுக்கல.”

“அப்போ உனக்கு எத்தன வயசு?”

“பதினேழு.”

கை முழங்காலிலிருந்து போய்விட்டது. உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். ஸ்கூட்டர் பற்றிக்கொண்டு தெருவைவிட்டுப் போகிறது.

“பதினேழு சின்னப்பிள்ள இல்ல புஷ்பா.”

“இல்லம்மா.”

“அப்புறம் எத்தன வருஷம் இருந்தாக?”

“இருபத்தேழு.”

“இருபத்தேழு வருஷம்” என்றாள். “அவுகளுக்கு என்மேல வெறுப்புன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்தப்பவும் அப்படித்தான் நெனச்சேன். இவுகளுக்கு நான் உக்காந்திருக்கறது பிடிக்காதேன்னு ஒடுங்கி ஒடுங்கி உக்காந்திருந்தேன். அன்னைக்காவது நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நீ எதுக்கதான இருந்த.”

எதிரேதான் இருந்தேன். அந்த நாற்பத்துநாலு வயதுக்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது. போனில் வைத்திருந்த அலாரம் கிணுகிணுத்தது, பத்து நிமிஷம் ஆகிவிட்டது. ரோஸ் மூடியைத் திறந்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, கையை நீட்டினாள். “குடு. நானே விட்டுக்கிடுதேன்.” முதல் சொட்டு இமைமேல் விழுந்து கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது மூக்கில். என் கை தானாகப் போய்ப் பாதியில் நின்றது. மூன்றாவது உள்ளே விழுந்தது. பாட்டிலை மூடித் தலைமாட்டில் வைத்துவிட்டு, கண்ணை மூடாமல், சிவந்துபோன புதுக் கண்ணால் என்னையே பார்த்தாள். அழுகிறாளா மருந்தா என்று தெரியவில்லை. மூடுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

“எங்க வச்சுக் கேட்டாக?” என்றாள்.

“நடையில. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தார்.”

“என்ன சட்ட?”

“காக்கி பேண்ட். மேல பனியன்.”

“வேற ஒண்ணும் சொல்லலியா? நீ ஒண்ணும் சேக்காம, விடாமச் சொல்லு.”

“அவ்வளவுதான்மா. ‘ஒரு எட்டு சாத்தூர் போயி உங்கம்மாவப் பாத்துட்டு வரட்டா?’ன்னார்.”

உதடு அசைந்தது, அந்த வார்த்தைகளைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. பிறகு என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு புதுப்பெண் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“கேக்கும்போது அவுக முகம் எப்படி இருந்துச்சு?”

நான் அந்தச் சாயங்காலத்துக்குப் போனேன். நடை, ஷூ, பாலிஷ் வாசனை, மடியில் வேதியியல் புத்தகம், சமன்பாடு ஒன்றை அடிக்கோடிட்டுக்கொண்டிருந்த என் பேனா, சிவப்பு மை. குரல் பக்கவாட்டிலிருந்து வருகிறது. நான் பதில் சொல்கிறேன். பேனா நிற்கவில்லை, கோடு வரியின் கடைசிவரை நேராகப் போகிறது. அவ்வளவுதான் இருக்கிறது, எவ்வளவு தேடினாலும் அதற்குமேல் இல்லை. அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

“நான் நிமிந்து பாக்கலம்மா” என்றேன்.